திருக்கை முள் குத்திய காலும் மூன்று இரவுகளும்: ஒரு மருத்துவமனை அனுபவம்

பாம்பன் கரையில் கரைவலை இழுக்கும்போது அப்பாவின் பாதத்தில் திருக்கை முள் ஏறியதால், இராமநாதபுரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அவருடன் மூன்று இரவுகள் தங்கினேன்.

சிகிச்சையில் குறை சொல்ல எதுவுமில்லை. மருத்துவர் வருவதற்குள்ளாகவே அவசரப் பிரிவுச் செவிலியர் ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, "அய்யா, பொறுக்கிற சூடுதான், காலை எடுத்துறாதீங்க" என்று சொல்லிப் பாதத்தை அதில் அமிழ்த்தினார். திருக்கையின் நஞ்சு சூட்டில் வீரியம் இழக்கும் புரதம் என்பதால், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீர்தான் அந்த வலிக்கு முதல் மருந்து. நீர் ஆற ஆற அவர் மாற்றிக்கொண்டே இருந்தார். துடித்துக்கொண்டிருந்த அப்பா அரை மணி நேரத்தில் பேசத் தொடங்கினார். பிறகு எக்ஸ்ரே, டி.டி. ஊசி எல்லாம் முறையாக நடந்தன.

என் மனக்குறை இரவு வார்டைப் பற்றியது. இருபத்திரண்டு கட்டில்களுக்கு ஒரே ஒரு செவிலியர். பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். இரண்டாம் இரவு, ஆடை படிந்துபோன தேநீரை மேசையில் அப்படியே விட்டுவிட்டு டிரிப்ஸ் மாற்ற ஓடிய அந்தப் பெண்ணிடம், வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "வேலை ரொம்பப் பிடிக்கும்ண்ணே, ஆள்தான் பத்தல" என்றார்.

வேலையில் கிடைக்கும் மனநிறைவை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959-இல் சொன்னதும் இதுதான்: மனநிறைவு வேலையிலிருந்தே பிறக்கிறது, மனக்கசப்போ சம்பளம், நிர்வாகம், பணிச்சூழல் ஆகியவற்றிலிருந்து பிறக்கிறது, ஒன்று இருப்பதால் மற்றது இல்லாமல் போவதில்லை. செவிலியர் முகத்தில் தெரியும் கனிவைப் பார்த்து, இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிர்வாகம் எண்ணிவிடக் கூடாது.

வீடு திரும்பிய அன்று காலை, மாற்று ஆள் வராததால் இரவு முழுக்க விழித்திருந்த அதே பெண் பகலிலும் மருந்து அளந்துகொண்டிருந்தார். களைத்த கண்களோடு மருந்து அளக்கச் சொல்வது அவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. பில்லில் செவிலியர் கட்டணம் என்று ஒவ்வொரு நாளுக்கும் தனியாக வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் இரவுக்கு இன்னும் மூன்று பேரையாவது நியமிக்க வேண்டும் என்று கருத்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு வந்தேன்.

கடல் காயங்களுக்கு இங்கே தயங்காமல் வரலாம். உள்நோயாளியாகச் சேர்ந்தால், இரவில் உறவினர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும்.