மொட்டைமாடி சோலார்: ஆன்-கிரிட்டா, ஹைப்ரிட்டா?

மாடியில் 3 கிலோவாட் சோலார் போடுவது என்று முடிவான வீட்டில் அடுத்த தகராறு பேட்டரிதான். பேட்டரி இல்லாமல் நேராக மின்வாரிய லைனோடு சேர்ப்பது ஆன்-கிரிட். கூடவே லித்தியம் பேட்டரியும் வைப்பது ஹைப்ரிட். தமிழ்நாட்டில், தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகாத ஊர் என்றால், என் ஓட்டு ஆன்-கிரிட்டுக்குத்தான்.

பேனல் விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம், தெற்கு பார்த்த சரிவு, பேனல் பக்க டிசி, வீட்டு லைன் பக்க ஏசி, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி, அவ்வளவுதான். மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தின் 78,000 ரூபாய் மானியம் ஹைப்ரிட்டுக்கும் உண்டு. ஆனால் பேட்டரிக்கென்று தனியாக ஒரு பைசா வராது. மானியத்துக்கு உள்நாட்டு செல்லில் செய்த பேனல் கட்டாயம் என்பதால், அதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இனி கணக்கு. நம்மூர் வெயிலுக்கு 3 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 12 யூனிட் தரும். இரண்டு மாத பில்லுக்கு 720. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது நன்றாகவே இறங்கும். எல்லோரும் வேலைக்குப் போகிற வீட்டில் பகல் செலவு 4 யூனிட்டைத் தாண்டுவது அபூர்வம். மிச்சம் 8 யூனிட் நெட் மீட்டர் (லைனிலிருந்து எடுப்பதையும் லைனுக்கு அனுப்புவதையும் கழித்துக் கணக்கு வைக்கும் மீட்டர்) வழியாக வெளியே போய் வரவாகிறது. ராத்திரி ஏசிக்கு இழுக்கும் 8 யூனிட்டில் அது அப்படியே கழிந்துவிடுகிறது. ஆக, மின்வாரிய லைனே உங்கள் பேட்டரி. டிஸ்டில்டு வாட்டர் கேட்காது, பத்து வருடத்தில் சாகவும் சாகாது.

அதே 8 யூனிட்டைப் பிடித்துவைக்க ஹைப்ரிட்காரர் என்ன செலவழிக்கிறார்? 51.2 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 5.12 யூனிட் அடங்கும். கையில் கிடைப்பது சுமார் 4.5. விலை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 6,000 சைக்கிள் (ஒருமுறை சார்ஜ் ஏறி இறங்குவது ஒரு சைக்கிள்) என்று போட்டிருப்பார்கள். ஆனால் தினம் ஒரு சைக்கிள் என்றால் அதற்குப் பதினாறு வருடம் ஆகும், அதற்கு முன்பே வயது அதைத் தின்றுவிடும். பத்து வருடம், 3,650 சைக்கிள் என்பது நியாயமான கணக்கு. கொள்ளளவு தேய்வதையும் கழித்தால் ஆயுளுக்கும் சேர்த்து 14,000 யூனிட் போல அதன் வழியாக ஓடும். அதாவது, பகல் வெயிலை ராத்திரிக்குத் தள்ளிவைக்க யூனிட்டுக்கு 7 ரூபாய். சார்ஜ் ஆகி இறங்குவதில் போகும் பத்து சதவீதம் தனி. நெட் மீட்டர் இதே வேலையைப் பேட்டரிச் செலவே இல்லாமல் செய்கிறது. மாடிப்படி அறையில் 40 டிகிரி புழுக்கத்தில் கிடக்கும் பேட்டரி அந்தப் பத்து வருடத்தைத் தாண்டுமா என்பதற்குச் சாட்சி சொல்ல, அவ்வளவு வயதான பேட்டரிகள் நம் வீடுகளில் இன்னும் அதிகம் இல்லை.

செலவைக் குறைக்க டியூபுலர் (இன்வெர்ட்டருக்கு வைக்கும் ஈய-அமில பேட்டரி) போடலாமே என்பார்கள். 150 ஏஎச் நான்கு வைத்தால் 7.2 யூனிட். ஆயுளைக் காக்கப் பாதிதான் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை தண்ணீர் அளவு பார்த்து, டெர்மினலில் பூக்கும் வெள்ளையைத் துடைத்து, வாசலின் தடவி... தினமும் ஆழமாக இறக்கினால் நாலைந்து வருடத்தில் மறுபடி பணம்.

ஆன்-கிரிட்டுக்கும் குறை உண்டு. நடுப்பகல் வெயிலில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஃபேனும் லைட்டும் ஓட, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் போதும். இன்னொரு தொல்லை ஓவர்-வோல்டேஜ். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தொலைவில் உள்ள வீட்டில் மதியம் 12 மணிக்கு வோல்டேஜ் 250ஐத் தாண்டி, சோலார் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகி, மறுபடி எழுந்து, மறுபடி விழும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரையான கேபிளை 4லிருந்து 6 சதுர மில்லிமீட்டர் ஆக்கிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மீட்டர் திரையில் மாறி மாறி ஓடும் இம்போர்ட், எக்ஸ்போர்ட் எண்களை மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து வைத்தால், பில்லில் வரவு விட்டுப்போனால் ஆதாரம் இருக்கும்.

தினம் மூன்று நான்கு மணி நேரம் மின்வெட்டு, வீட்டில் ஆக்சிஜன் மெஷின் என்றால் பேச்சே இல்லை, ஹைப்ரிட்தான். அதிலும் போர் மோட்டாரை பேக்கப் லைனில் சேர்க்காதீர்கள். ஒரு ஹெச்பி மோட்டார்கூட கிளம்பும்போது நாலைந்து மடங்கு கரண்ட் இழுத்து இன்வெர்ட்டரைப் படுக்கவைத்துவிடும். ‘இப்போது ஹைப்ரிட் இன்வெர்ட்டர் மட்டும், பேட்டரி பிறகு’ என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும். ஐந்து வருடம் கழித்து அந்த இன்வெர்ட்டரோடு பேசுகிற பேட்டரி சந்தையில் கிடைத்தால் சரி.

இந்தக் கணக்கு முழுக்க நெட் மீட்டர் விதியின் மேல்தான் நிற்கிறது. விதி மாறினால் கணக்கு எப்படிப் புரளும் என்பதற்கு கலிஃபோர்னியா உதாரணம். 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு வெளியே அனுப்பும் மின்சாரத்தின் மதிப்பைச் சுமார் 75 சதவீதம் வெட்டினார்கள். அங்கே புது சோலாரில் பாதிக்கு மேல் பேட்டரியோடு வரத் தொடங்கியது. இலங்கையில் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை விழுந்தபோது, கூரை சோலார்களைப் பகலில் அணைத்துவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. வாங்கிக்கொள்ள லைன் தயாராக இல்லையென்றால் ஆன்-கிரிட்காரர் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

இங்கேயும் 2023ல் திருத்திய மத்திய நுகர்வோர் உரிமை விதிகளில் ஸ்மார்ட் மீட்டரும் நேரத்துக்கேற்ற கட்டணமும் இருக்கின்றன: பகல் யூனிட் மலிவு, மாலை உச்ச நேரத்தில் விலை அதிகம். அது வீட்டு பில்லுக்கு வந்து, பகல் வரவை மாலைச் செலவில் நேருக்கு நேர் கழிக்க முடியாமல் போகும் நாளில், அந்த 7 ரூபாயை எடுத்து மறுபடி கணக்குப் போடுங்கள்.