சுபாங்கிலிருந்து பறந்து போய்ப் பசியாறி வருவது: சிறுவிமான ஓட்டியின் நெடுநாள் அனுபவம்

தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர்கள் வார இறுதியில் விமானத்தை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று உறவினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கூச்சப்படாமல் பதில் சொல்வதென்றால், பெரும்பாலும் சாப்பிடத்தான் போகிறோம். அமெரிக்க விமானிகள் இந்தப் பழக்கத்துக்கு ‘நூறு டாலர் பர்கர்’ என்று பெயர் வைத்துப் பல காலம் ஆகிறது. பர்கருக்குச் சில டாலர், மீதமெல்லாம் எரிபொருளுக்கும் விமான வாடகைக்கும் என்பது கணக்கு. அந்த நாட்டில் பொதுப் பயன்பாட்டுக்கு உரிய விமான நிலையங்கள் மட்டுமே ஏறத்தாழ 5000 இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் விமானத்தை நிறுத்திவிட்டு நடந்தே போகும் தூரத்தில் உணவகம் உண்டு. கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவில், கடல் மட்டத்திலிருந்து 1602 அடி உயரத்தில் மலையைச் சமப்படுத்தி அமைத்த ஓடுபாதைக்கு, அங்கே கிடைக்கும் காட்டெருமை இறைச்சி பர்கருக்காகவே பறந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் அந்த வசதி இல்லை. இங்கே நல்ல உணவு நிலையத்துக்குள் இருப்பதில்லை, சுற்றியுள்ள ஊரில்தான் இருக்கிறது. அதைத் தேடுவதற்குப் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வந்த வழிகளில் எது உதவியது, எது உதவவில்லை என்பதையே இங்கே எழுதுகிறேன்.

நான் பறப்பது வாடகைக்கு எடுக்கும் செஸ்னா 172 விமானத்தில். அது 110 முதல் 120 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு அத்தனை கடல்மைல், போகும். மணிக்கு 30 லிட்டருக்கு மேல் ஆவ்காஸ் எனப்படும் சிறுவிமானப் பெட்ரோலைக் குடிக்கும். கோலாலம்பூரை ஒட்டிய சுபாங் நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் ஈப்போ சுமார் 90 கடல்மைல், மலாக்கா 70க்குச் சற்றுக் குறைவு, பினாங்கு 150, லங்காவி 220. ஈப்போவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். லங்காவிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஆவ்காஸ் எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை என்பதால், திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சேர்த்தே சுமந்து போக வேண்டியிருக்கும். இந்த எண்களைப் பார்த்தால் பகல் முழுவதும் கையில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் நம்முடைய வானம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. மேற்குக் கரையில் பகல் ஏற ஏற மேகங்கள் குவிந்து, பிற்பகலில் இடிமழையாக மாறுவது ஆண்டின் பெரும்பகுதியில் வழக்கம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும், சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் புயற்காற்று வரிசைகள் வேறு இருக்கின்றன. அவை வந்த நாளில் புறப்பாடே தள்ளிப்போகும். வானம் தெளிந்த நாளில் எட்டு மணிக்கு எழும்பி, ஒன்பது மணியளவில் இறங்கி, நண்பகலுக்குள் சுபாங் திரும்பிவிடுவதே என்னைப் போன்ற பகல்நேர விமானிக்கு ஏற்ற அட்டவணை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இந்த நாட்டில் சிறுவிமான ஓட்டிக்கு வேண்டியது காலையில் பசியாறும் கடை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சோறு வெந்து இலை போடுவதற்குப் பதினொரு மணியாவது ஆகும். அந்த நேரத்தில் தித்திவங்சா மலைத்தொடரின் மேல் மேகம் கோபுரமாக எழுந்துகொண்டிருக்கும், நாமோ அப்பளத்துக்காகக் காத்திருப்போம். தோசை, இட்லி, ரொட்டி சானாய், நாசி லெமாக், டிம் சம், கோப்பிக் கடையின் ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் ஆகியவைதாம் பறந்து போய்ச் சாப்பிடுவதற்கு உரியவை. புதிதாக உரிமம் எடுத்த நண்பர்கள் ‘அந்த ஊரில் புகழ்பெற்ற உணவகம் எது’ என்று தேடத் தொடங்கும்போது, காலை ஏழு மணிக்கே திறக்கும் கடை எது என்று தேடச் சொல்வது என் வழக்கம்.

கைப்பேசி வரைபடச் செயலியைத்தான் எல்லாரையும் போல நானும் முதலில் நம்பினேன். இன்றும் பயன்படுத்துகிறேன், ஆனால் நட்சத்திரங்களைப் பார்ப்பதில்லை. நட்சத்திரம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள். அவர்கள் மதியமும் இரவும் சாப்பிட்டவர்கள். ஊரின் நடுவில் தங்கியவர்கள். விமான நிலையத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் முனையத்துக்குள் இருக்கும் கிளைக்கடைகள்தாம் முதலில் வந்து நிற்கும். கடை திறக்கும் நேரம் என்று அதில் எழுதியிருப்பது ஒட்டுக்கடைகளுக்கு அநேகமாகப் பொருந்துவதே இல்லை. அதே செயலியில் அண்மையில் ஏற்றப்பட்ட படங்களைத் தேதியோடு பார்த்தால் பயன் உண்டு: காலை வெளிச்சத்தில் எடுத்த படமா, தட்டில் இருப்பது தோசையா சோறா, மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் சீருடைக்காரர்களா குடும்பங்களா என்று பார்த்தாலே கடையின் தன்மை பிடிபட்டுவிடும். மலாயில் தேடினால் ஆங்கிலத்தில் அகப்படாத கடைகள் பல கிடைக்கின்றன. தமிழில் தேடினால் இன்னும் அதிகம் கிடைப்பதில்லை என்பது வருத்தம்தான்.

பறக்கும் நண்பர்களிடையே சுற்றிவரும் வாட்சாப் பட்டியல் இரண்டாவது வழி. அதில் உள்ள கடைகள் பொதுவாக நல்லவையே. குறை என்னவென்றால், யாரும் எதையும் நீக்குவதில்லை. கடைக்காரர் ஓய்வுபெற்று மகன் வேறு தொழிலுக்குப் போன பிறகும் அந்தக் கடை பட்டியலில் வாழ்ந்துகொண்டே இருக்கும்.

எனக்கு மிகவும் பலன் தந்தது மூன்றாவது வழி: நிலையத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்பது. தீயணைப்புப் படையினர், எரிபொருள் வண்டி ஓட்டுநர், பயணப்பெட்டி ஏற்றுகிறவர்கள், நுழைவாயில் காவலர் என இவர்கள் எல்லாருக்கும் நம்மைப் போலவே நேரம் குறைவு. விடிவதற்குள் பணிக்கு வந்து, சிறிய இடைவேளையில் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப வேண்டியவர்கள். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். ‘இங்கே நல்ல கடை எது’ என்று கேட்டால் விருந்தாளிக்குச் சொல்லும் பதில்தான் கிடைக்கும். ஊரில் பெயர்போன, நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள ஒரு கடையைச் சொல்வார்கள். வடக்கே ஒரு நிலையத்தில், வாயிலில் இருந்த தமிழ்க் காவலரிடம், “அண்ணே, இன்னைக்கு நீங்க எங்க பசியாறினீங்க?” என்று கேட்டேன். “பின்னாடி குவார்ட்டர்ஸ் ரோட்ல ஒரு அக்கா கட போட்டிருக்காங்க, தம்பி. ஒம்பதரைக்கு மேல போனா ஒண்ணும் இருக்காது” என்றார். வரைபடத்தில் அந்தக் கடை இல்லை. இடியாப்பமும் மீன்குழம்பும் கிடைத்தன. போக வர எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்தில் விமானத்துக்குத் திரும்பிவிட்டோம்.

திரும்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடை எவ்வளவு அருகில் இருந்தாலும், விமானத்திலிருந்து சாலைக்கு வருவதற்கும், சாலையிலிருந்து மறுபடியும் விமானத்துக்குப் போவதற்கும் ஆகும் நேரம் தனி. பாதுகாப்புச் சோதனை, தரையிறங்கல் கட்டணம், திரும்பும் பயணத்துக்கான திட்டத்தைப் பதிவு செய்தல் எல்லாம் இதில் அடங்கும். இந்த நேரம் நிலையத்துக்கு நிலையம் மாறுகிறது, ஒரே நிலையத்தில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆகவே என் குறிப்பேட்டில் கடையின் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுவதை விட்டுவிட்டு, இயந்திரத்தை அணைத்ததிலிருந்து முதல் வாய் உணவு வரை எவ்வளவு நேரம் என்று எழுதத் தொடங்கினேன். கடைகளின் வரிசையே மாறிப்போனது.

அந்தக் கணக்கில் ஈப்போவுக்கு ஈடு இல்லை. சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிற்பதால் தரையிறங்கும்போது கண்ணுக்கும் வேலை, கவனத்துக்கும் வேலை. வெளியே வந்தால் குனோங் ராப்பாட். அங்கேயே கோப்பிக் கடைகள் இருக்கின்றன. ஹியோங் பியா எனப்படும் பாகு வைத்த மொறுமொறுப்பான பணியாரத்துக்கும் அந்தப் பகுதி பெயர்பெற்றது. சற்று நேரம் இருந்தால் பழைய நகரத்தில் ஈப்போ வெள்ளைக் கோப்பி குடிக்கலாம், அல்லது லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிடலாம். பலரும் சொல்லும் தவ்கே கோழியை, அதாவது முளைப்பயறோடு பரிமாறும் கோழியை, நான் பரிந்துரைப்பதில்லை. அது அருமையான உணவு, ஆனால் காலை உணவு அல்ல. இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் தமிழர்கள் நிறைந்த புந்தோங். கச்சாங் பூத்தே வாங்காமல் அங்கிருந்து எந்தப் பயணியும் திரும்புவதில்லை. முறுக்கு, கடலை, பட்டாணி என்று ஆளுக்கு இரண்டு பை வாங்கிவிடுவார்கள். செஸ்னா 172இன் உச்ச எடை 1157 கிலோ. தொட்டி நிறைய எரிபொருள் நிரப்பினால் அதுவே சுமார் 144 கிலோ. நான்கு பெரியவர்களை அதோடு ஏற்ற முடியாது என்பது எல்லா விமானிக்கும் தெரிந்ததுதான். மூன்று பேரோடு போகும்போதும் புந்தோங் பைகளைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டே நான் பின்பகுதியில் ஏற்றுகிறேன். என் மைத்துனர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

பினாங்கு என் பட்டியலில் ஏன் கீழே இருக்கிறது என்று கேட்காதவர்கள் இல்லை. உணவுக்காக அல்ல. பாயான் லெப்பாஸ் 1935 முதல் இயங்கும் நிலையம். பினாங்கு பறத்தல் சங்கமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் 3352 மீட்டர் ஓடுபாதையில் பெரிய விமானங்கள் வரிசையாக வந்து இறங்குகின்றன. சிறுவிமானம் கடல்மேல் வட்டமடித்துக் காத்திருக்க நேரும். இறங்கிய பிறகு நாசி கண்டாருக்காக ஜார்ஜ் டவுன் வரை காரில் போனால், சாலை நெரிசலில் காலை முழுவதும் போய்விடும். ஒரே நாளில் திரும்புவதாக இருந்தால் பாயான் லெப்பாஸ் காலைச் சந்தையோடு நிறுத்திக்கொள்ளலாம். அல்லது தெற்கே தெலுக் கும்பாருக்குப் போகலாம், ஆனால் அங்கே இறால் மீ மதிய உணவாகிவிடும். ஜார்ஜ் டவுன் வேண்டுமென்றால் இரவு தங்குவதற்குப் பை எடுத்துக்கொண்டு போவதே நல்லது.

மலாக்காவின் பத்து பெரண்டாம் நிலையம் எதிர்மாறு. தூரம் குறைவு, ஆனால் வழியில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கேஎல்ஐஏயின் வான்பரப்பு இருப்பதால் நேர்க்கோட்டில் போக முடியாது, இறங்கும்போது பயிற்சி மாணவர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். வெளியே வந்தால் எளிய கோப்பிக் கடைகள் பக்கத்திலேயே உண்டு. மலாய் பேசும் பழைய தமிழ் வம்சாவளியினரான மலாக்கா செட்டிகளின் சமையலைத் தேடி காஜா பெராங் வரை போவது சிறப்பான எண்ணம்தான். முன்கூட்டியே பேசி வைக்காமல் மட்டும் போக வேண்டாம்.

லங்காவியில் ஓடுபாதை கடற்கரையை ஒட்டியே ஓடுகிறது. அருகிலுள்ள கோலா தெரியாங் மீனவர் பகுதியில் லக்சா கடைகள் இருக்கின்றன. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதைக் கோலாலம்பூர்க்காரர்கள் மறந்துவிடுகிறோம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை லீமா எனப்படும் விமான, கடல்சார் கண்காட்சி நடக்கும் நாள்களில் அந்தப் பக்கம் சிறுவிமானத்தைக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம். தியோமான் தீவின் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஓடுபாதையும் அதன் முனையில் நிற்கும் மலையும் உணவுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டியவை அல்ல.

நாள்காட்டி இந்த விஷயத்தில் வானிலைக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. நோன்பு மாதத்தில் மலாய் ஒட்டுக்கடைகள் பகலில் இருக்காது. அப்போது தமிழர் கடைகளும் சீனர் கோப்பிக் கடைகளுமே துணை. சீனப் பெருநாளில் இது தலைகீழாகும். தீபாவளி வாரத்தில் தமிழர் கடைகளில் சமையல்காரர் ஊருக்குப் போயிருப்பார். புரட்டாசியில் என்னோடு வரும் உறவினர்கள் சைவம் மட்டுமே சாப்பிடுவதால், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சைவக் கடையைத் தனியே குறித்து வைத்திருக்கிறேன்.

சாப்பிடும் அளவும் பறத்தலைச் சேர்ந்ததே. வயிறு நிறைந்த பிறகு வெப்பக் காற்றில் குலுங்கும் விமானத்தில் பின்னிருக்கைக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்தபின், குழம்பை அளவோடு ஊற்றச் சொல்கிறேன். விமானத்துக்கும் வெப்பம் பாதகமே: கடல் மட்டத்தில் 32 பாகை வெப்பம் இருந்தால், காற்று மெலிந்து, விமானம் 2000 அடி உயரத்தில் இருப்பதாக நினைத்தே எழும்பும், அதனால் ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓடும். பத்து மணிக்குக் கிளம்புவதும் ஒரு மணிக்குக் கிளம்புவதும் ஒன்றல்ல.

இப்போது என் குறிப்பேட்டில் ஒவ்வொரு கடைக்கும் பக்கத்தில் கடைசியாகச் சாப்பிட்ட தேதி, திறக்கும் நேரம், முடிந்துபோகும் நேரம், வாராந்தர விடுமுறை, கடைக்காரர் தொலைபேசியை எடுப்பாரா இல்லையா ஆகியவை இருக்கின்றன. தேதி ஓராண்டைத் தாண்டிய கடைக்கு, முந்திய நாள் மாலை அழைத்துப் பார்க்காமல் பறப்பதில்லை. அழைப்பை எடுக்காத கடை என்றால், நிலையத்தில் இறங்கிய பிறகு வாயில் காவலரிடம் விசாரித்துக்கொள்கிறேன்.