வேள்பாரி இரண்டு தொகுதிகள்: நடிகர் பட்டியல் வருவதற்குள் வாங்கிவிடுங்கள்

போன வாரம் அக்கா மகள் கைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "மாமா, வேள்பாரிக்கு இவர்தானாம், நிஜமா?" என்று கேட்டாள். பார்த்தால் ஒரு பெரிய நடிகர், கையில் வேல், பின்னால் மலை, மலைக்குப் பின்னால் என்னவோ தீப்பிடித்து எரிகிறது. கையில் ஆறு விரல். கணினியே வரைந்து தள்ளிய போஸ்டர் என்று சொன்னேன், அவள் நம்பவில்லை, பத்தாயிரம் பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்களே என்றாள். சரி, இந்தப் பெண் இனிமேல் இந்த முகத்தோடுதான் கதையைப் படிப்பாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்றைக்கே அலமாரியிலிருந்து இரண்டு தொகுதிகளையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன். அப்படியே நானும் மறுபடி புரட்டினேன். அதனால் இந்த விமர்சனம்.

பொருள் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சு. வெங்கடேசன் எழுதிய 'வீரயுக நாயகன் வேள்பாரி', விகடன் பிரசுரம், இரண்டு தொகுதிகள். ஆனந்த விகடனில் 2016 தொடங்கி 2018 வரை 111 வாரங்கள் தொடராக வந்தது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான பறம்பு மலைப் பாரியைப் பற்றியது. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்தோமே, அவனேதான். சேர சோழ பாண்டியர் மூவரும் சேர்ந்து அந்த மலையை முற்றுகையிட்டதையும், பாரியின் நண்பர் கபிலர் அதைப் பாடியதையும் புறநானூறு சொல்கிறது. அங்கே சில பாடல்களில் இருப்பதை இங்கே ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரித்திருக்கிறார்.

வாங்கிய அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன், பெயர் வேண்டாம். முதலில் இரண்டாம் தொகுதி மட்டும் வந்தது. கேட்டால், முதல் தொகுதி "வந்துகொண்டே இருக்கிறது" என்றார்கள். ஒன்பது நாள் கழித்து வந்தபோது அட்டையின் ஒரு மூலை முழுக்க நசுங்கியிருந்தது. இவ்வளவு கனமான புத்தகத்தை ஒற்றை நெகிழி உறையில் போட்டு அனுப்பினால் வேறு என்ன ஆகும்? முடிந்தால் புத்தகக் கண்காட்சியில் கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். படுத்துக்கொண்டு படிக்கிற ஆசை இருந்தால் மறந்துவிடுங்கள், தூக்கம் வந்து முகத்தில் விழுந்தால் மூக்கு உடையும். மடியில் தலையணை வைத்து அதன்மேல் புத்தகத்தை வைத்துப் படிப்பதுதான் நான் கண்டுபிடித்த வழி.

இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது படங்கள். வரைந்தவர் மணியம் செல்வன். இவருடைய அப்பா மணியம்தான் 1950-இல் கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது படம் வரைந்தவர். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. நம் சரித்திரக் கதைகளுக்கு முதல் நடிகர் தேர்வைச் செய்தது எந்த சினிமாக்காரரும் இல்லை, ஓவியர்கள்தான். குந்தவையின் கொண்டை எத்தனை உயரம், நந்தினி எப்படிச் சாய்ந்து உட்காருவாள், ஆழ்வார்க்கடியானின் முன்குடுமி எந்தப் பக்கம் என்பதையெல்லாம் மணியம் முடிவு செய்துவிட்டார், மூன்று தலைமுறை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் ஓவியத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது அசையாது, பேசாது. குரலும் நடையும் நம் கையில்தான். நடிகர் வந்தால் அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்.

பொன்னியின் செல்வனில் எனக்கு இது நடந்தது. அந்தக் கதைக்கு நடிகர் பட்டியல் போடுவது நம் ஊரில் அறுபது வருட விளையாட்டு. 1958-லேயே எம்ஜிஆர் உரிமை வாங்கி, வந்தியத்தேவன், அருள்மொழி இரண்டையும் தானே செய்வதாக இருந்தார், படம் நடக்கவில்லை. 2011 வாக்கில் மணிரத்னம் எடுக்கப் பார்த்தபோது விஜய், மகேஷ் பாபு பெயர்கள் வந்தன, அதுவும் நடக்கவில்லை. அப்புறம் 2022 ஜூலை முதல் வாரத்தில் நாளுக்கு ஒருவராக முதல் பார்வைப் படங்களை வெளியிட்டார்கள் பாருங்கள், அந்த வாரம் முழுக்க நான் வேலை பார்த்ததாக ஞாபகமே இல்லை. கார்த்தி வந்தியத்தேவன் என்பதைக் கேட்டு "பருத்திவீரனுக்குக் குதிரை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்" என்று நண்பர்களுக்கு அனுப்பிய மேதாவி நான். ஜெயராம் ஆழ்வார்க்கடியானா, அந்த உயரத்துக்கா? மணியம் வரைந்தது குட்டையாக, உருண்டையாக ஒரு மனிதர். த்ரிஷா அழகுதான், ஆனால் குந்தவைக்கு அழகு மட்டும் போதாதே, நாட்டையே நகர்த்துகிற மூளை முகத்தில் தெரிய வேண்டாமா? விக்ரம் ஆதித்த கரிகாலன் என்பதில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அந்த ஆளுக்குக் கண்ணில் எப்போதும் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

செப்டம்பர் 30 அன்று முதல் காட்சி முடிந்து வெளியே வந்தபோது என் பட்டியல் முழுக்கக் கந்தல். கார்த்திதான் படத்தையே தூக்கிக்கொண்டு ஓடினார். ஜெயராம் தொப்பையும் குடுமியுமாக வந்து நின்ற முதல் நிமிடத்திலேயே உயரத்தை மறந்துபோனேன். த்ரிஷாவும் ஐஸ்வர்யா ராயும் நேருக்கு நேர் சந்திக்கிற காட்சியில் பக்கத்து இருக்கைப் பெரியவர் "அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னார். நான் முழு மனதாகச் சரி என்று சொன்ன விக்ரம் மட்டும்தான் எதிர்பார்த்தபடியே இருந்தார், மற்றவர்கள் எல்லோரும் எதிர்பார்த்ததைவிட நன்றாக. அதனால் நடிகர் தேர்வில் ரசிகனின் முதல் கோபத்துக்கு மரியாதையே கிடையாது என்பதை நான் என் சொந்த அவமானத்திலிருந்து சொல்கிறேன். அந்தப் பட விழாவில் ரஜினி, பெரிய பழுவேட்டரையராக நடிக்கத் தானே கேட்டதாகவும் மணிரத்னம் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னது நினைவிருக்கலாம். அவருக்கே அந்த நிலைமை. ஒருவேளை நடித்திருந்தால், அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட கிழவரையா பார்த்திருப்போம்? ரஜினியைப் பார்த்திருப்போம். சரத்குமார் செய்தது நல்லதாகப் போயிற்று.

ஆனால் ஒரு நஷ்டம் இருக்கிறது, அதை என் அம்மாதான் சரியாகச் சொன்னார். அம்மா பொன்னியின் செல்வனை வார இதழிலிருந்து கிழித்துத் தைத்த பைண்டு புத்தகத்தில் படித்தவர், ஐந்தாறு தடவையாவது படித்திருப்பார். படம் பார்த்த இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பாதியில் வைத்துவிட்டார். ஏம்மா என்றால், "என் நந்தினி போயிட்டாடா. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தப் பொண்ணுதான் வந்து நிக்கிறா. அழகாத்தான் இருக்கா, ஆனா அவ என் நந்தினி இல்லையே" என்றார். அம்மாவின் நந்தினி எப்படி இருந்தாள் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார், சொல்ல வரவில்லை.

இப்போது வேள்பாரிக்கு வருவோம். படமாக்கும் உரிமை இயக்குநர் ஷங்கரிடம் இருக்கிறது. 2024 செப்டம்பரில், தன்னிடம் உரிமை உள்ள இந்த நாவலின் முக்கியமான காட்சியை வேறொரு பட முன்னோட்டத்தில் பார்த்ததாகக் கோபமாக எழுதினார். 2025 ஜூலையில் நாவல் ஒரு லட்சம் பிரதிகள் விற்றதைக் கொண்டாடிய விழாவில், ஒரு காலத்தில் எந்திரன் தன் கனவுப்படம், இப்போது வேள்பாரி என்றார். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு பட்டியல். நடிகர்கள் விஷயத்தில் நான் பார்த்ததெல்லாம் ஊகங்கள்தான், ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு அடிதடி.

நானும் மனுஷன்தானே, என் பட்டியலும் இருக்கிறது. ஆனால் பாரிக்கு எனக்கு ஆளே அமையவில்லை. யோசித்துப் பாருங்கள், அவனுக்கு அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள், அங்கவைக்குக் காதல் வருகிற வயது. நம் நாயகர்களோ ஐம்பதைத் தாண்டியும் கல்லூரிக்குப் போகிறவர்கள், வளர்ந்த பெண்ணுக்கு அப்பாவாகச் சம்மதித்து, அதற்கு ஈடாகப் பின்கதையில் கணினி உதவியோடு இருபது வயதுக்காரனாக ஒரு பாட்டு கேட்பார்கள் என்பது என் பயம். இன்னொரு சிக்கல், பாரி கதையில் நுழையும் முன்பே அவனைப் பற்றி அத்தனை பேர் பேசிவிடுகிறார்கள். ஒரு மரம், ஒரு கொடி, ஒரு வழக்கம் என்று எல்லாவற்றிலும் அவன் இருக்கிறான், ஆள் மட்டும் வருவதில்லை. பெரிய நட்சத்திரம் என்றால் ஐந்தாவது நிமிடத்தில் மெதுநடையில் வந்தாக வேண்டுமே, அந்தக் காத்திருப்பை என்ன செய்வார்கள்?

கபிலர் வேடத்துக்குப் பசுபதி. இதில் எனக்குப் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. மூச்சு வாங்க மலையேறி வருகிற அந்தப் புலவரின் கண் வழியாகத்தான் நாம் பறம்பைப் பார்க்கிறோம். ஆச்சரியப்படத் தெரிந்த முகம் வேண்டும், செய்யுளைச் சொன்னால் ஒப்பிப்பது போல இல்லாமல் பேசுவது போல வர வேண்டும். பசுபதிக்கும் இந்த எழுத்தாளருக்கும் ஏற்கெனவே ஒரு பந்தம் உண்டு. சாகித்ய அகாதமி வாங்கிய 'காவல் கோட்ட'த்தின் ஒரு பகுதியைத்தான் வசந்தபாலன் 2012-இல் 'அரவான்' ஆக எடுத்தார், அதில் பசுபதி களவுக்காரர் கொம்பூதி. படம் முழுசாகத் திருப்தி தரவில்லை என்றாலும் அந்த முகங்களும் அந்தப் புழுதியும் சரியாக இருந்தன. தேக்கனுக்கு ராஜ்கிரண், வேறு யாரும் வேண்டாம். சிறுவர்களைக் காடறிய அழைத்துப் போகிற கிழ ஆசான், கடைசியில் அந்தச் சிறுவர்களை வைத்துக்கொண்டே ஒரு துரத்தலில் மாட்டிக்கொள்கிறார். அந்தப் பகுதியை நான் இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து முடித்தேன். இளம் காதலர்களான நீலனும் மயிலாவும் புதுமுகங்களாக இருக்க வேண்டும், விளம்பரத்தில்கூடப் பார்த்திராத முகங்கள். பாண்டிய இளவரசனை மணக்கிற பொற்சுவைக்கு யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் எனக்கு, அம்மாவுக்கு நந்தினி மாதிரி.

நடிகர்களைவிட எனக்குக் கவலை தேவாங்கைப் பற்றி. நாவலில் அதற்குத் தேவவாக்கு விலங்கு என்று பெயர். எப்போதும் வடக்கு நோக்கியே உட்காரும் என்பதால் கடலில் திசை காட்ட உதவும் என்று பாண்டியர்கள் அதைப் பிடிக்க வருகிறார்கள், கதையே அங்கேதான் தீப்பற்றுகிறது. வடக்கு நோக்குவது நாவலின் கற்பனை, விலங்கு நிஜம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் காடுகளை 2022-இல் தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதல் முறை. உள்ளங்கை அளவு உடம்பு, அதில் பாதிக்குக் கண். ஷங்கர் கையில் கொடுத்தால் அது லட்சக்கணக்கில் பெருகி ஒரு கோபுரமாக அடுக்கிக்கொண்டு நிற்குமோ என்று எந்திரன் பார்த்தவனுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும். அவருடைய அண்மைப் படங்களைப் பார்த்து நான் சோர்ந்துதான் போயிருக்கிறேன். ஆனாலும் கார்த்தி விஷயத்தில் வாங்கிய அடி ஞாபகம் இருப்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

புத்தகத்தில் குறையே இல்லையா என்றால், உண்டு. இரண்டாம் தொகுதி போர், போர், மறுபடி போர். எந்தப் படை எந்தப் பக்கம் வளைந்தது என்று பக்கம் பக்கமாகப் போகும்போது நான் சில இடங்களில் தாவினேன், தாவியதால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பறம்பில் எல்லாமே உயர்ந்தது, ஒவ்வொரு செடிக்கும் ஒரு அதிசயம், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வீரம் என்று அடுக்கிக்கொண்டே போகையில் ஒரு சாதாரண சோம்பேறியாவது அந்த மலையில் இருக்க மாட்டானா என்று ஏக்கமாக இருக்கும். முதல் தொகுதியில் அத்தனை உயிரோடு பேசிய பெண்கள் போர் வந்ததும் பின்னால் போய்விடுகிறார்கள். ஆனால் முதல் தொகுதிக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அதைப் படித்துவிட்டுத்தான் சிங்கம்புணரிப் பக்கம் இருக்கிற பிரான்மலைக்குப் போனேன், அதுதான் பறம்பு மலை என்பார்கள். பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தபோது, கபிலரும் இப்படித்தானே என்று நினைத்துக்கொண்டது இந்தப் புத்தகத்துக்கு நான் கொடுத்த காசுக்கு மேல்.

மதிப்பெண் கேட்டால் முதல் தொகுதிக்கு ஐந்துக்கு ஐந்து, இரண்டாவதற்கு மூன்றரை, விற்பனையாளருக்கு ஒன்று. அந்த ஒன்றும் கடைசியில் அனுப்பிவைத்ததற்காக.

அக்கா மகள் இப்போது தேக்கனும் சிறுவர்களும் காட்டுக்குள் போகிற இடத்தில் இருக்கிறாள். நேற்று சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், நீலன் உனக்கு எப்படித் தெரிகிறான் என்று. அந்த ஆறு விரல் போஸ்டர்காரரின் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று திக்கென்றிருந்தது. "எங்க காலேஜ் கபடி டீம்ல ஒருத்தன் இருக்கான் மாமா, அப்படியே அவன் மாதிரி" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று சமையலறைப் பக்கம் பார்த்தாள். நான் இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை.