லைப்ரரி இல்லாமல் ஃபார்மும் அரேயும்: நெடுநாள் புழங்கியபின் என் கணிப்பு

பல வருடங்களாக என் வேலையில் பெரும்பகுதி ஒரே மாதிரியானதுதான். யாரோ ஒருவர் ஃபார்மில் சில வரிகளை நிரப்புவார். அவற்றைச் சேகரித்து, சரிபார்த்து, பட்டியலாகக் காட்டி, கூட்டுத்தொகை போட்டு, சர்வருக்கு அனுப்ப வேண்டும். உறுப்பினர் பட்டியல், செலவுக் கணக்கு, மதிப்பெண் பதிவு என்று பெயர்தான் மாறும். இவற்றில் பலவற்றை ரியாக்ட், வியூ போன்ற திரை வரையும் லைப்ரரி எதுவும் சேர்க்காமல், பிரவுசரோடு வரும் ஜாவாஸ்கிரிப்டை மட்டும் வைத்தே செய்து வருகிறேன்.

நம்பிப் பயன்படுத்தலாம் என்பதே என் முடிவு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: தகவல் இருக்கும் இடம் அரே (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) மட்டும்தான் என்று முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். ஃபார்மை வாசித்து, சுத்தம் செய்து, அரேயில் வைத்து, திரையை அந்த அரேயிலிருந்து வரைய வேண்டும். திரையில் தெரியும் எழுத்தையே திரும்பப் படித்துக் கணக்குப் போடும் நிரல் நெடுநாள் தாங்கி நான் பார்த்ததில்லை.

வாசிப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்தது ஃபார்ம்டேட்டா: ஃபார்மில் நிரப்பியவற்றை நேம், வேல்யூ ஜோடிகளாகத் திரட்டித் தரும் பிரவுசர் வசதி. ஒவ்வொரு டெக்ஸ்ட்பாக்ஸுக்கும் ஐடி கொடுத்து, ஒவ்வொன்றாகத் தேடி வேல்யூ எடுக்கும் பழக்கத்தை இது தேவையற்றதாக்கிவிட்டது. இதன் விதிகள் ஃபார்ம் வழக்கமாகச் சமர்ப்பிக்கப்படும் விதிகளேதான். நேம் இல்லாத உள்ளீடு சேராது. டிசேபிள் செய்தது சேராது, ரீட்ஒன்லி சேரும். டிக் செய்யாத செக்பாக்ஸ் வரவே வராது. டிக் செய்ததற்கு வேல்யூ கொடுக்காமல் விட்டிருந்தால் 'ஆன்' என்ற சொல் வரும். ஃபைல் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டாலும் பெயரற்ற, 0 பைட் ஃபைல் ஒன்று வந்து நிற்கும். இவற்றை மனதில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரே நேமில் பல உள்ளீடுகள் இருக்கும்போதுதான் கவனம் தேவை. பலரும் ஃபார்ம்டேட்டாவை அப்படியே ஆப்ஜெக்ட்.ஃப்ரம்என்ட்ரீஸுக்குக் கொடுத்து ஆப்ஜெக்டாக (ஒவ்வொரு நேமுக்கும் ஒரு மதிப்பு கொண்ட தொகுப்பாக) மாற்றுகிறார்கள். ஒரே வரியில் முடிகிறது என்பதால் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் ஒரே நேம் மூன்று முறை வந்தால் கடைசி மதிப்பு மட்டுமே மிஞ்சும், மற்ற இரண்டும் சத்தமில்லாமல் போய்விடும். விருப்பப் பாடங்கள் போன்ற செக்பாக்ஸ் தொகுப்புக்கு, ஒரு நேமின் எல்லா மதிப்புகளையும் தரும் கெட்ஆல் தான் சரி. ஒன்றுமே தேர்ந்தெடுக்காவிட்டால் காலி அரே, ஒன்று என்றால் ஓர் உறுப்பு கொண்ட அரே என்று எப்போதும் அரேயாகவே தருகிறது. நேமின் கடைசியில் சதுர அடைப்புக்குறி போட்டால் பிஎச்பி அதை அரேயாகச் சேர்த்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டுக்கோ அந்த அடைப்புக்குறி நேமின் இரண்டு எழுத்துகள், அவ்வளவுதான். கெட்ஆலிலும் அதைச் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஃபார்மின் எலிமென்ட்ஸ் (அதன் உள்ளீடுகளின் பட்டியல்) வழியாக நேம் சொல்லி எடுக்கும் முறையை நான் தவிர்க்கிறேன். ஒரே நேமில் இரண்டு பெட்டிகள் இருந்தால் தொகுப்பு வரும், ஒன்றே ஒன்று இருந்தால் அந்தப் பெட்டியே நேரடியாக வரும். டெக்ஸ்ட்பாக்ஸாக இருந்தால் லெங்த் கிடையாது, லூப் ஓடாது. செலக்ட்டாக இருந்தால் இன்னும் மோசம்: அதற்கு லெங்த் உண்டு, அது உள்ளிருக்கும் ஆப்ஷன்களின் எண்ணிக்கை. பயனர் ஒரு வரி மட்டும் நிரப்பும் நாளில்தான் இந்தப் பிழை வெளிவரும். சோதிப்பவர்கள் எப்போதும் இரண்டு மூன்று வரிகளை நிரப்பிப் பார்ப்பதால் அது கண்ணில் படுவதே இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: 'இன்னொரு வரி சேர்' பட்டன் உள்ள ஃபார்ம்கள். பெயர், வயது, 'உறுப்பினரா' என்ற செக்பாக்ஸ், இப்படி ஒரு வரி என்று வைத்துக்கொள்வோம். எல்லா வரிகளுக்கும் ஒரே நேம்களைக் கொடுத்து, கெட்ஆலால் மூன்று அரேக்களை எடுத்து, இன்டெக்ஸை (அரேயில் உறுப்பின் வரிசை எண்ணை) வைத்து இணைப்பது பரவலாகச் சொல்லித்தரப்படும் வழி. ஐந்து பெயர், ஐந்து வயது வரும். செக்பாக்ஸில் இரண்டாவது, ஐந்தாவது வரிகள் மட்டும் டிக் ஆகியிருந்தால் அந்த அரேயில் இரண்டே உறுப்புகள் இருக்கும். இன்டெக்ஸ் வைத்து இணைத்தால் முதல் இருவர் உறுப்பினர் ஆகிவிடுவார்கள். எந்தப் பிழைச் செய்தியும் வராது. தவறான ஆட்களுக்குத் தவறான தகவல் போய்ச் சேர்வதை நான் சாதாரணப் பிழையாக நினைப்பதில்லை. அந்தப் பட்டியலை நம்பி யாரோ முடிவெடுக்கப் போகிறார்கள்.

நான் நிலையாகப் பின்பற்றும் வழி, ஒவ்வொரு வரியையும் ஒரு ஃபீல்ட்செட்டுக்குள் (உள்ளீடுகளைக் குழுவாக்கும் டேகுக்குள்) வைத்து, வரிவரியாக நடந்து, ஒவ்வொரு வரியிலிருந்தும் ஓர் ஆப்ஜெக்டை எடுப்பது. செக்பாக்ஸுக்கு வேல்யூ பார்க்காமல் செக்ட் (டிக் ஆகியிருக்கிறதா என்ற) நிலையையே பார்த்தால் உண்மை அல்லது பொய் என்று தெளிவாக வந்துவிடும். வரிக்குள் ரேடியோ பட்டன் இருந்தால் நேம் வரிக்கு வரி மாறியே ஆக வேண்டும். இல்லையென்றால் எல்லா வரிகளின் ரேடியோக்களும் ஒரே குழுவாகி, கீழே ஒன்றைத் தொட்டால் மேலே இருப்பது அணைந்துவிடும். புது வரிக்கு, மாதிரி வரி வைத்திருக்கும் டெம்ப்ளேட் டேகை குளோன் (நகல்) செய்யும்போது உள்ளே ஐடி எதுவும் வைப்பதில்லை, லேபிளுக்குள்ளேயே உள்ளீட்டை வைத்துவிடுகிறேன். ஐடி இரண்டு முறை வரும் சிக்கல் அப்போதே தீர்ந்தது.

வரியை நீக்குவதற்கும் இன்டெக்ஸை நம்பவில்லை. மூன்றாவதை நீக்கியதும் நான்காவது மூன்றாவதாகிவிடும், பட்டனில் எழுதி வைத்த எண் பழையதாகவே நிற்கும். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனி ஐடி கொடுத்து, ஃபில்டரால் அந்த ஐடியை மட்டும் விலக்குகிறேன். கிரிப்டோவின் ரேண்டம்யூயூஐடி இதற்குப் போதும். எச்டிடிபிஎஸ் அல்லது லோக்கல்ஹோஸ்டில் மட்டுமே கிடைக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். லூப்புக்குள் ஸ்ப்ளைஸ் செய்தால் (உறுப்பை அதே அரேயிலிருந்து வெட்டினால்) ஒவ்வொரு நீக்கத்துக்கும் அடுத்த உறுப்பு பார்க்கப்படாமலே தாண்டிப் போகும் என்பதால் அதையும் விட்டாயிற்று.

எண்களுக்கு வருவோம். உள்ளீட்டின் வேல்யூ எப்போதும் ஸ்ட்ரிங்தான் (எழுத்துத் தொடர்தான்), டைப் நம்பர் என்று எழுதியிருந்தாலும். 0-விலிருந்து தொடங்கி 10, 20 இரண்டையும், உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் ரெட்யூஸால் கூட்டினால் 30 வராது, '01020' வரும். இது கண்ணுக்குத் தெரியும் தவறு என்பதால் உடனே பிடிபடும். பிடிபடாதது காலிப் பெட்டிதான். காலி ஸ்ட்ரிங்கை நம்பர் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் 0 கிடைக்கிறது. மதிப்பெண் பதியாத மாணவருக்கும் பூஜ்யம் வாங்கிய மாணவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். சராசரியே மாறிவிடும். ஆகவே முதலில் ட்ரிம் (ஓர இடைவெளி நீக்கம்), பிறகு காலியா என்ற கேள்வி, காலி என்றால் 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி), அதன்பிறகுதான் எண்ணாக மாற்றம். இந்த வரிசையை நான் எங்கும் மாற்றுவதில்லை.

ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட், பார்ஸ்ஃப்ளோட் இரண்டும் தாராள மனம் கொண்டவை. '1,250' என்பதை பார்ஸ்ஃப்ளோட் 1 என்று வாசித்துவிட்டுச் சும்மா இருக்கும். நம்பர் ஃபங்ஷன் என்ஏஎன் ('எண் அல்ல' என்ற மதிப்பு) தந்து முரண்டு பிடிக்கும். பணத்தொகைக்கு முரண்டு பிடிப்பதே நல்லது, காற்புள்ளியை நாமே நீக்கிவிட்டுக் கொடுக்கலாம். மூன்று '10'கள் உள்ள அரேயில், ஒவ்வோர் உறுப்பையும் மாற்றித் தரும் மேப்புக்கு பார்ஸ்இன்ட்டை அப்படியே கொடுத்தால் 10, என்ஏஎன், 2 என்று வருவதும் இங்கேயே சொல்ல வேண்டியது. மேப் இரண்டாவதாக அனுப்பும் இன்டெக்ஸை பார்ஸ்இன்ட் எண்ணின் அடிமானமாக எடுத்துக்கொள்கிறது.

டைப் நம்பரை அளவுகளுக்கு மட்டும் வைக்கிறேன். தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, அட்டை எண் ஆகியவை கூட்டிக் கழிக்கும் எண்கள் அல்ல. அவற்றுக்கு டெக்ஸ்ட் டைப்பும், இன்புட்மோடில் நியூமெரிக்கும் போதும். கைபேசியில் எண் விசைப்பலகை வரும், முன்னால் உள்ள பூஜ்யமும் எண்ணாக மாற்றும்போது தொலையாது. நம்பர் பெட்டியில் எண்ணாக ஏற்க முடியாத எதையாவது தட்டினால் வேல்யூ காலியாக வரும். நிரப்பவில்லையா, தவறாக நிரப்பினாரா என்று பிரித்தறிய வேலிடிட்டியில் உள்ள பேட்இன்புட்டைத்தான் கேட்க வேண்டும்.

அரேயை வரிசைப்படுத்துவது பற்றித் தமிழில் வேலை செய்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சார்ட் இயல்பாக எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காகவே ஒப்பிடும், அதனால் 9-க்கு முன்னால் 10 வந்து நிற்கும் என்பது பலருக்கும் தெரியும். தமிழ்ப் பெயர்களில் என்ன நடக்கிறது என்பதைக் குறைவானவர்களே கவனிக்கிறார்கள். யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். வெறும் சார்ட் 'மனம்' என்பதை 'மரம்' என்பதற்கு முன் வைக்கும். அகராதி வரிசையில் மரம்தான் முந்தும். மொழிவாரியாக ஒப்பிடும் இன்ட்ல் கொலேட்டரை, தமிழுக்கான 'டிஏ' மொழிக்குறியோடு ஒருமுறை உருவாக்கி, அதன் கம்பேரை சார்ட்டுக்குக் கொடுத்தால் நெடுங்கணக்கு வரிசை கிடைக்கிறது. தமிழ்ப் பட்டியல் காட்டும் எந்தப் பக்கத்திலும் இதை விட்டுவிடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

தேடலிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தேடிப் பார்க்கும் இன்க்லூட்ஸுக்கு வேறு வேறு. சுத்தம் செய்யும் கட்டத்திலேயே நார்மலைஸை என்எஃப்சி (குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்தில் ஓட்டிவிட்டால் பட்டியலில் ஒரே பெயர் இருமுறை வருவது நிற்கும். 'தமிழ்' என்ற சொல்லின் லெங்த் 5 என்று வருவதால் மேக்ஸ்லெங்த் வரம்பையும் தாராளமாக வைக்க வேண்டும். எழுத்து எண்ணிக்கையை நாமே காட்டுவதென்றால் இன்ட்ல் செக்மென்டர் 3 என்று சரியாகச் சொல்லும்.

சரிபார்ப்புக்கு பிரவுசரின் சொந்த வசதியே எனக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. கட்டாயம் நிரப்பச் சொல்லும் ரிக்வயர்ட் வெறும் இடைவெளியையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் அதற்கு மட்டும், நம் சொந்தப் பிழைச் செய்தியை வைக்கும் செட்கஸ்டம்வேலிடிட்டி சேர்க்கிறேன். திருத்தியபின் காலி ஸ்ட்ரிங் கொடுத்து அந்தச் செய்தியை நீக்காவிட்டால் ஃபார்ம் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் எழுதாவிட்டால் அது சப்மிட் பட்டன். 'வரி சேர்' அழுத்தினால் பக்கமே போய்விடுவதற்கு அதுதான் காரணம். நிரலிலிருந்து அனுப்ப வேண்டுமென்றால் சப்மிட்டைவிட ரிக்வெஸ்ட்சப்மிட் மேல். முன்னது சரிபார்ப்பையும் சப்மிட் நிகழ்வையும் தாண்டிப் போய்விடும்.

அரேயிலிருந்து திரையை வரையும் முறைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் முழுப் பட்டியலையும் திரும்ப வரைந்தால் பெட்டி அழிந்து புதிதாகப் பிறக்கும், கர்சர் போய்விடும், தமிழில் தட்டச்சு செய்பவருக்கு எழுத்து கூடிவரும் நடுவிலேயே அறுந்துவிடும். இன்புட் நிகழ்வில் அரேயையும் கூட்டுத்தொகையையும் மட்டும் புதுப்பித்து, வரி சேரும்போதும் நீங்கும்போதும் மட்டும் பட்டியலை வரைவது எனக்குச் சரிவந்த நடுவழி. வரையும்போது பயனர் தந்த எழுத்தை இன்னர்எச்டிஎம்எல்லில் ஒட்டவே கூடாது, டெக்ஸ்ட்கன்டென்ட் மட்டும்தான்.

திருத்தும் திரைக்கு 'ரத்து' பட்டன் இருந்தால் நகலெடுப்பதில் கவனம் வேண்டும். மூன்று புள்ளி போட்டு அரேயைப் பிரதியெடுத்தால் வெளி அரேதான் புதியது, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுகள் பழையவையே. ஸ்ட்ரக்சர்ட்குளோன் உள்ளேயும் புதிதாக்குகிறது. வரைவை லோக்கல்ஸ்டோரேஜில் (பிரவுசரின் சொந்தச் சேமிப்பில்) வைப்பது பயனருக்குப் பேருதவி. ஆனால் அதற்காக ஜேசனாக (எழுத்து வடிவமாக) மாற்றும்போது என்ஏஎன் 'நல்' ஆகிவிடும், தேதி ஸ்ட்ரிங்காகும். நான் தேதியை '2024-03-10' என்ற ஸ்ட்ரிங்காகவே கடைசிவரை வைத்திருக்கிறேன். அதை டேட் ஆப்ஜெக்டாக்கினால் யூடிசி (உலகப் பொது நேர) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, மேற்கு நேர மண்டலங்களில் முந்தைய நாளாகத் தெரியும்.

இந்த முறை போதாமல் போன இடங்களும் உண்டு. வரிக்குள் வரி என்று மூன்று அடுக்கு போகும் ஃபார்ம், ஒரு பெட்டியின் பதிலால் வேறு பல பெட்டிகள் தோன்றி மறையும் ஃபார்ம், பலபடி அன்டூ கேட்கும் திரை ஆகியவற்றில் எதை எப்போது வரைவது என்ற கணக்கே நிரலின் பெரும்பகுதியாகிவிட்டது. அப்படி ஒன்றை ரியாக்ட்டுக்கு மாற்றியபோது திரை வரையும் பகுதியை மட்டும்தான் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஐடியோடு இருந்த ஆப்ஜெக்டுகளின் அரேயும், சுத்தம் செய்யும் ஃபங்ஷன்களும், கொலேட்டரும் அப்படியே போய் உட்கார்ந்தன; ரியாக்ட் ஒவ்வொரு வரிக்கும் கேட்கும் கீயாக (அடையாளமாக) அந்த ஐடியே பயன்பட்டது.