பயர்பாக்ஸின் எழுத்துப்பிழைச் சோதனை: கருவாட்டுக் கடையில் ஒரு வருடம்

தங்கச்சிமடத்தில் எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம், சரக்கு விவரத்தைத் தமிழும் ஆங்கிலமுமாக இணையத்தில் ஏற்றுவது என் வேலை. போன மீன்பிடித் தடைக்காலத்தில், பச்சை மீன் வரத்து குறைந்து கருவாடு நன்றாக ஓடுகிற நேரம், தலைப்பில் "நெத்திலிக் கறுவாடு" என்று அடித்துவிட்டேன், மூன்று நாள் அப்படியே கிடந்து, மதுரையிலிருந்து வாங்குகிற அக்கா போன் செய்து சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது. ரொம்ப வருத்தமாகிவிட்டது.

கீழே விவரப் பெட்டியில் தப்பாக அடித்தால் சிவப்புக் கோடு விழுகிறதே, தலைப்பில் ஏன் விழவில்லை? நான் பயன்படுத்தும் பயர்பாக்ஸ் உலாவி தானாகப் பார்ப்பது பல வரிப் பெட்டிகளை மட்டும்தான், ஒற்றை வரிக் கட்டங்களை விட்டுவிடும். முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் (about:config) என்று அடித்து அமைப்புகள் பக்கத்துக்குள் போனால், லேஅவுட்.ஸ்பெல்செக்டீஃபால்ட் (layout.spellcheckDefault) என்பதில் 1 இருக்கும், அதை 2 ஆக்கினால் இரண்டையும் பார்க்கும், 0 போட்டால் எதையும் பார்க்காது. பக்கத்தை எழுதியவரே ஒரு கட்டத்துக்கு ஸ்பெல்செக் (எழுத்துப்பிழைச் சோதனை) வேண்டாம் என்று குறித்திருந்தால் 2 போட்டாலும் கோடு வராது, ஆனால் அந்தக் கட்டத்திலேயே வலது கிளிக் செய்து சோதனையை இயக்கிக்கொள்ளலாம். கடைசிச் சொல் நம்முடையது, எனக்குப் பிடித்ததே இதுதான்.

தமிழ் அகராதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2022-இல் வந்த 100-ஆம் பதிப்பிலிருந்து ஒரே பெட்டியில் இரண்டு மொழியும் பார்க்கிறது, அதற்கு முன்னால் ஒன்றைப் போட்டால் இன்னொன்று முழுக்கச் சிவப்புதான்.

சரி, குறை? நகரை, சீலா, ஊளி என்று நம்ம கடற்கரை மீன் பெயருக்கெல்லாம் கோடு. அகராதியில் சேர்க்கலாம், ஆனால் "நகரை" சேர்த்தால் "நகரை" மட்டும்தான், "நகரைக்கு", "நகரையும்" என்றால் மறுபடி சிவப்பு. வேற்றுமை உருபு ஒட்டுகிற மொழிக்கு இது போதவே போதாது. "விலை" என்பதற்கு "விளை" என்று அடித்தாலும் பேசாமல் இருக்கும், அதுவும் ஒரு சொல்தானே. விலைப் பட்டியலை மட்டும் நான் வாய்விட்டுப் படித்த பிறகுதான் ஏற்றுகிறேன்.

தம்பி கூகுளின் குரோம் உலாவி வைத்திருக்கிறான். அதில் மேம்பட்ட சோதனையைத் தேர்ந்தெடுத்தால் நாம் அடிப்பது கூகுளுக்குப் போகும், வாடிக்கையாளர் முகவரியெல்லாம் அடிக்கிற கணினியில் அது வேண்டாம் என்று அடிப்படைச் சோதனைக்கு மாற்றி வைத்தேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.