டர்பன் கடைகளில் கிடைக்கும் காந்தப் பலகைகள்: அபே நிற்க இடம் இருக்கிறதா?

கால்பந்துப் பயிற்சியாளர்கள் வியூகம் போட்டுக் காட்டும் காந்தப் பலகை இங்கே டர்பனில் மூன்று வடிவில் கிடைக்கிறது. ஏ4 தாள் அளவில், மேலே கிளிப் வைத்தது ஒன்று. ஜிப் போட்டு இரண்டாக மடிப்பது இன்னொன்று. மூன்றாவது, அலுமினியச் சட்டம் அடித்த 60 x 40 செ.மீ. தட்டைப் பலகை. வெறும் பலகையைப் புரட்டிப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தோன்றும். நிஜமான ஒரு அணியை அடுக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

நாங்கள் அடுக்கியது 2010 உலகக் கோப்பையில் பயிற்சியாளர் தகேஷி ஒகாடா இறக்கிய ஜப்பான் அணியை. நம் மோசஸ் மபீடா அரங்கில் ஜூன் 19 அன்று நெதர்லாந்திடம் 0-1 என்று தோற்ற அதே அணி.

ஒகாடா தடுப்பாட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர். 1980 முதல் 1990 வரை ஃபுருகாவா எலக்ட்ரிக் அணியின் பின்வரிசையில் ஆடினார். 1997 அக்டோபரில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் நடுவில் தலைமைப் பயிற்சியாளர் ஷு காமோ நீக்கப்பட்டபோது உதவிப் பயிற்சியாளராக இருந்த அவர் கைக்குத் தேசிய அணி வந்தது. அதற்கு முன் எந்த அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. நவம்பர் 16 அன்று ஜோகூர் பாருவில் ஈரானை 3-2 என்று கூடுதல் நேரத்தில் வென்று ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. (நம் சாட்ஸ்வர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ் கிளப் தென்னாப்பிரிக்க லீக்கான பிஎஸ்எல்லின் முதல் பட்டத்தை வென்றது அதற்குச் சற்று முன் முடிந்த 1996-97 பருவத்தில். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பெருமைப்படுபவர்கள் இங்கே இன்னும் உண்டு.) 1998இல் பிரான்ஸில் மூன்று ஆட்டமும் தோல்வி. பிறகு சப்போரோ கிளப்பை ஜப்பான் லீக்கின் முதல் பிரிவுக்கு ஏற்றினார், யோகோஹாமா எஃப். மரினோஸ் கிளப்புடன் 2003, 2004 இரண்டு ஆண்டும் லீக் பட்டம். 2007 இறுதியில் அப்போதைய தேசியப் பயிற்சியாளர் ஒசிம் நோயில் விழுந்ததும் தேசிய அணிக்குத் திரும்பி வந்தார்.

2010 மே மாதம் தென் கொரியாவிடம் 0-2, இங்கிலாந்திடம் 1-2 என்று தோல்வி. ஜூனில் ஐவரி கோஸ்ட்டிடம் 0-2. போட்டி தொடங்க நாட்களே இருந்தபோது ஒகாடா அணியை மாற்றினார். நடுவரிசை வீரர் நகமுராவை வெளியே வைத்தார். பின்வரிசை நால்வருக்கு முன்னால் யுகி அபேயைத் தனியாக நிறுத்தினார். நடுவரிசை வீரரான ஹோண்டாவை ஒற்றை முன்வரிசை ஆளாக்கினார். 4-1-4-1: பின்னால் நால்வர், அவர்களுக்கு முன்னால் ஒருவர், நடுவில் நால்வர், முன்னே ஒருவர். அதில் முதல் ‘1’தான் எங்கள் சோதனை. பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் நடுவில் அபேயைக் குறிக்கும் வட்டக் காந்த வில்லை தெளிவாக நிற்க வேண்டும். நிற்காத பலகைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கணக்கு சுலபம். தட்டைப் பலகையில் கோட்டுக்குள் அளந்தால் 57 x 37 செ.மீ. மைதானம் 105 x 68 மீட்டர். ஆக, நீளத்திலும் அகலத்திலும் 1 செ.மீ. என்பது ஏறத்தாழ 1.84 மீட்டர். இரண்டு வரிசைக்கும் 15 மீட்டர் இடைவெளி என்றால் பலகையில் 8 செ.மீ.; நடுவில் 2 செ.மீ. வில்லையை வைத்தாலும் முன்னும் பின்னும் தாராளமாக இடம் இருக்கிறது. ஏ4 பலகையில் மைதானம் 27 x 18 செ.மீ. மட்டுமே. அதே 15 மீட்டர் 3.9 செ.மீ.க்குச் சுருங்கிவிடுகிறது. மேலே ஒரு வில்லை, கீழே ஒரு வில்லை, நடுவில் அபே என்று வைத்தால் மூன்றும் ஒன்றையொன்று முட்டுகின்றன. ‘இங்கே யார் பந்தை எடுப்பது’ என்று பையன்கள் கேட்டால் அவர்கள் மேல் தப்பில்லை. சிறிய பலகைதான் வேண்டும் என்றால் 10 மி.மீ. வில்லை தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் எண் எழுத முடியாது. ஐந்தடி தள்ளி நிற்பவருக்குக் கண்ணில் படாது.

ஜிப் வகை அளவில் பரவாயில்லை. கெடுவது மடிப்பில். நடுக்கோட்டின் மேலேயே மடிப்பு ஓடுவதால் அந்த இடத்தில் இரும்புத் தகடு இல்லை. நடுவரிசையின் மத்சுய், ஹசெபே, எண்டோ, ஒகுபோ நால்வரையும் நடுக்கோட்டுக்கு ஏற்றி வைத்தால் வில்லை நழுவி விழுகிறது. வரிசையை ஒரு விரல்கடை கீழே இறக்கித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. பலகைக்காக வியூகத்தை மாற்றுவது என்ன நியாயம்?

இதைவிட நுட்பமான சோதனை ஜூன் 24, ரஸ்டன்பர்க், டென்மார்க் ஆட்டம். ஒகாடா அன்று எண்டோவை அபேயின் பக்கத்தில் இறக்கி 4-2-3-1 என்று தொடங்கினார். தொடக்கத்திலேயே டென்மார்க் உள்ளே புகுந்தது. சில நிமிடங்களில் பழைய 4-1-4-1க்கே திரும்பினார்கள். 17ஆம் நிமிடம் ஹோண்டா, 30ஆம் நிமிடம் எண்டோ, இரண்டும் ஃப்ரீகிக் கோல், முடிவு 3-1. பலகையில் இந்த மாற்றம் முழுவதற்கும் முக்கியமாக நகர்வது ஒரே வில்லை, எண்டோவின் 7. பெரிய பலகையில் அதை 4 செ.மீ. மேலே தள்ளினால் எல்லோருக்கும் புரிகிறது. ஏ4இல் அது 2 செ.மீ.கூட இல்லை. கை நடுங்கி நகர்ந்ததா, வேண்டுமென்று நகர்த்தியதா என்றே தெரியாது.

வில்லைகளைப் பற்றி. பெட்டியில் வருபவை 1 முதல் 11 வரை எண் அச்சிட்டவை. ஒகாடாவின் முதல் பதினொருவரில் கவஷிமா 21, நகசாவா 22, ஹோண்டா 18, ஹசெபே 17, ஒகுபோ 16. எந்தப் பள்ளி அணியிலும் நிலைமை இதேதான். எண் இல்லாத வெற்று வில்லை 25 வாங்கி மார்க்கரால் எழுதிக்கொள்வது நல்லது. ஒரு அணியின் வில்லைகளில் ஓரமாக நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள்: அந்தப் புள்ளி இருக்கும் பக்கம்தான் வீரரின் முகம். கேமரூனுக்கு எதிராக 39ஆம் நிமிடம் வலப்பக்கத்திலிருந்து மத்சுய் தூக்கிப் போட்ட பந்தை ஹோண்டா தூரக் கம்பத்துப் பக்கம் வாங்கி அடித்தார். தடுப்பவர்களின் கண் பந்தின் மேல், ஹோண்டா அவர்கள் முதுகுக்குப் பின்னால். முகம் இல்லாத வில்லையை வைத்து அந்தக் கோலை விளக்கவே முடியாது.

வாங்கும்போது கடையிலேயே செய்ய வேண்டியவை: எல்லா வில்லையையும் ஒட்டி, பலகையை நிமிர்த்திப் பிடித்து, பின்புறம் இரண்டு தட்டு தட்டுங்கள். ஒன்று சரிந்தாலும் வேண்டாம். தகடு மெல்லியது, அல்லது மேல்பூச்சு தடித்தது. பிறகு மைதானக் கோட்டை நகத்தால் தடவுங்கள். மேடாக நெருடினால் கோடு பூச்சின் மேலே அச்சிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கத் துடைக்க பெனால்ட்டிப் பகுதி அழிந்துபோகும்.

டர்பனுக்கென்று இரண்டு தொல்லைகள். ஒன்று, கடற்காற்று. தட்டைப் பலகையின் துரு நடுவில் தொடங்காது. சட்டத்தின் மூலையில், திருகு போட்ட ஓட்டையில் தொடங்கும். வாங்கிய அன்றே அந்த நான்கு மூலையிலும் நிறமற்ற நகப்பூச்சைத் தடவுங்கள். இரண்டு, பிப்ரவரி வெயில். காரின் பின்பெட்டியில் விட்டால் ரப்பர் காந்த வில்லைகள் சுருண்டு போகும். எழுதியதும் வெயிலில் காய்ந்து கறையாக நிற்கும். கறையின் மேலேயே அதே மார்க்கரால் மறுபடி எழுதி, மை காய்வதற்குள் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். போகாததற்கு மட்டும் ஸ்பிரிட்.

சட்டம் போட்ட தட்டைப் பலகையைத்தான் வாங்கச் சொல்வோம், தூக்கிச் சுமக்கத் தொந்தரவு என்றாலும். ஒன்பது வயதுக்குட்பட்ட பையன்களின் ஏழு பேர் ஆட்டத்துக்கு ஜிப் வகையே போதும். கோல்காவலரை விட்டால் ஆறே வில்லை, நடுக்கோட்டில் யாரையும் நிறுத்த வேண்டியதும் இல்லை.