‘ஏ’ லேபிளைக் காட்டி ஐந்து வருடப் பழைய ரயரைப் பூட்டிவிட்டார்கள்: ஜேர்மனியில் சமர் ரயர் வாங்கப் போகிறவர்களுக்கு

ஈஸ்டர் நெருங்குகிறது. ஒக்டோபரில் பூட்டின விண்டர் (குளிர்கால) ரயரைக் கழற்றிவிட்டு சமர் (கோடைக்கால) ரயர் பூட்ட எங்கட சனம் எல்லாம் இப்போது கடை தேடிக்கொண்டிருக்கும். பணம் கொடுக்கிறதற்கு முதல் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரயர் கடையில் எனக்கு நடந்தது இது. கடையின் பெயரையோ ரயர் கொம்பனியின் பெயரையோ எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் ஏமாற்றிய விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதே விதமாக வேறு எந்தக் கடையிலும் செய்யலாம்.

என்னுடைய கார் கோல்ஃப். ரயர் அளவு 205/55 ஆர்16 91வி (கடைசியில் உள்ள 91வி பாரத்துக்கும் வேகத்துக்கும் உரிய சுட்டெண்). இங்கே தெருவில் ஓடுகிற குடும்பக் கார்களில் மிகவும் சாதாரணமான அளவு. எந்த ரயர் வாங்குவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். ஜேர்மன் வாகன ஓட்டிகளின் சங்கமான ஏடிஏசி வருடா வருடம் மாசி, பங்குனிக் காலத்தில் சமர் ரயர்களை ஒப்பிட்டு வெளியிடுகிற முடிவுகளை நம்பலாம். காய்ந்த தரையிலும் ஈரத் தரையிலும் பிறேக் பிடித்துப் பார்க்கிறார்கள், வளைவில் ஓட்டிப் பார்க்கிறார்கள், தேங்கின தண்ணீரில் எந்த வேகத்தில் ரயர் மிதக்கத் தொடங்குகிறது என்று அளக்கிறார்கள், தேய்மானத்தையும் கணக்கெடுக்கிறார்கள். 2023 முதல் மொத்தப் புள்ளியில் 70 வீதம் ஓட்டப் பாதுகாப்புக்கு, 30 வீதம் சுற்றுச்சூழலுக்கு. பாதுகாப்பில் தோற்ற ரயர் மற்றதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேலே வர முடியாது. அந்தப் பட்டியலில் நல்ல இடத்தில் இருந்த ஒரு ரயரின் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன்.

கவுண்டரில் நின்றது எங்கட பெடியன் ஒருவன். தமிழில் கதைத்தான், மரியாதையாகக் கதைத்தான்.

“அண்ணை, நீங்கள் கேக்கிறது இருக்கு. ஆனா அதுக்கு ஏன் இவ்வளவு காசு குடுக்கிறியள்? இதைப் பாருங்கோ. ஈரத்தில பிறேக் பிடிக்கிறது ரெண்டும் ‘ஏ’. சத்தமும் இதில குறைவு. நாலுக்கும் சேர்த்து இருநூறு யூரோ மிச்சம்.”

சுவரில் பெரிய ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தொங்கியது. ஐந்து ரயர்கள், ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம், மேலே ‘டெஸ்ட்டில் முதலிடம்’ என்கிற வட்ட முத்திரை. பிறகு காட்சிக்கு வைத்திருந்த ரயரில் இருந்த ஐரோப்பிய லேபிளைக் காட்டினான். கியூஆர் கோடு உள்ள புது லேபிள். ஈரப்பிடிப்பு ‘ஏ’ (அதுதான் ஆகச் சிறந்த வகுப்பு), சத்தம் 69 டெசிபல். அச்சடித்த தாளும் கண்ணுக்கு முன்னால், சொல்கிறதும் தமிழில். பூட்டுக்கூலி, பலன்ஸ், பழைய ரயர் அகற்றும் கட்டணம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 460 யூரோ கட்டினேன். காரைப் பின்னுக்குக் கொண்டுபோனார்கள். வேலை நடக்கிற இடத்துக்கு வாடிக்கையாளர் வரக்கூடாதாம், காப்புறுதிப் பிரச்சினையாம். ஒரு கோப்பியும் தந்து இருத்திவிட்டார்கள்.

மே மாதத்தில் ஒரு மழை நாள், குடும்பத்தோடு ஏ45 ஒட்டோபானில் லூடன்ஷைட் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ராமெடெ பாலத்தை 2021 டிசம்பரில் மூடியதில் இருந்து லூடன்ஷைட் நோர்டில் வாகனங்கள் எல்லாம் இறங்க வேண்டியிருந்ததும், அங்கே வரிசை நீண்டு நின்றதும் அந்தப் பாதையால் போனவர்களுக்குத் தெரியும். வரிசையின் வாலைக் கண்டதும் பிறேக்கை முழுக்க மிதித்தேன். ஏபிஎஸ் காலுக்குக் கீழே துடிக்கிறது, கார் வழுக்கிக்கொண்டே போகிறது. முன்னால் நின்ற வானுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடைவெளியில்தான் நின்றது. பின் சீற்றில் இரண்டு பிள்ளைகள். இதே காரில், பழைய ரயரோடு, இதைவிட மோசமான மழையில் ஓடியிருக்கிறேன். இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை, கராஜ் வைத்திருக்கிற நண்பரிடம் போய்க் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்குகிற குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்தான் ரயர் செய்த வாரமும் வருடமும். முழுக் குறியீடு பெரும்பாலும் ரயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். என்னுடையதில் அது உட்பக்கம் இருந்தபடியால் வெளியில் நின்று பார்த்தால் தெரியாது. முன் ரயர் இரண்டிலும் 1120 என்றிருந்தது. 2020ஆம் ஆண்டின் 11ஆவது வாரம், அதாவது மார்ச். 2025 ஏப்ரலில் ‘புது ரயர்’ என்று எனக்கு விற்றது ஐந்து வருடம் தாண்டின ரயர். பின் இரண்டும் 2023இல் செய்தவை.

இங்கே ரயர் வியாபாரத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒழுங்காகக் களஞ்சியத்தில் வைத்திருந்தால் மூன்று வருடம் வரைக்கும் தொழிற்சாலைப் புதுசு, ஐந்து வருடம் வரைக்கும் புதுசு என்று சொல்லி விற்கலாம். அதற்கு மேல் போனால் வயதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். றப்பர் பூட்டாமல் வைத்திருந்தாலும் இறுகும். இருட்டிலும் குளிரிலும் வைத்தால் மெதுவாக இறுகும், வெயில் படுகிற கொட்டகையில் வைத்தால் வேகமாக இறுகும். அந்தக் கடையின் முற்றத்தில் தகரக் கொள்கலனுக்குள் ரயர்கள் அடுக்கியிருந்ததை நானே கண்டேன். ஜேர்மன் கோடையில் அந்தத் தகரம் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

லேபிள் கதை இதைவிட மோசம். கியூஆர் கோடு உள்ள அந்த லேபிள் 2021 மே 1ஆம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. 2020 மார்ச்சில் செய்த ரயர் அந்த லேபிளை ஒட்டிக்கொண்டு தொழிற்சாலையை விட்டு வந்திருக்க முடியாது. அப்படியானால் எனக்குக் காட்டியது எந்த ரயரின் லேபிள்? கடையில் நிற்கும்போது கைபேசியால் எடுத்த படம் என்னிடம் இருந்தது. அளவைப் பெரிதாக்கிப் பார்த்தோம்: 225/45 ஆர்17. அதே கொம்பனி, அதே பெயர், 17 அங்குலம். லேபிள் விபரங்கள் பதிவாகிற, ஐரோப்பிய ஒன்றியத்தின் எப்ரல் (EPREL) தரவுத்தளத்தில் என்னுடைய 16 அங்குல அளவைத் தேடினால் ஈரப்பிடிப்பு ‘சி’.

இதைத் தயவுசெய்து நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள், இந்தப் பதிவை எழுதுகிறதே இதற்காகத்தான். லேபிளில் உள்ள எழுத்து ரயரின் பெயருக்குக் கிடைத்த பட்டம் கிடையாது. குறிப்பிட்ட ஒரு அளவுக்கு, குறிப்பிட்ட பாரச் சுட்டெண்ணுக்கு, கொம்பனி தானே அளந்து அறிவிக்கிற பெறுமானம் அது. ஒரே பெயரில் 16 அங்குலம் ‘சி’யாகவும் 17 அங்குலம் ‘ஏ’யாகவும் இருப்பது முழுக்கச் சட்டப்படி சரி. ஒன்றைக் காட்டி மற்றதைப் பூட்டுகிறதுதான் மோசடி.

‘ஏ’க்கும் ‘சி’க்கும் இடையில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஈரத் தரையில் பிறேக் பிடித்தால் ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய மூன்று முதல் ஆறு மீற்றர். இரண்டு வகுப்பு இறங்கினால் பத்து மீற்றரும் வரலாம். ஒரு கார் 35 மீற்றரில் நிற்கிறது, இன்னொன்றுக்கு 45 மீற்றர் வேண்டும் என்று வையுங்கள். முதல் கார் நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீற்றர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். சாதாரணப் பௌதிகக் கணக்கு, நீங்களே போட்டுப் பார்க்கலாம். அந்த வேகத்தில் பாதசாரி ஒருவரை இடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இருநூறு யூரோ மிச்சம் என்று அந்தப் பெடியன் சொன்னது இந்தப் பத்து மீற்றரின் விலை.

சரியான அளவின் லேபிளைக் காட்டியிருந்தாலும் ‘ரெண்டும் ஏ, அதனால் ரெண்டும் ஒன்று’ என்கிற பேச்சு பிழைதான். லேபிள் மூன்று விசயத்தைத்தான் சொல்கிறது: உருளும் எதிர்ப்பு, ஈரத்தில் பிறேக், வெளிச்சத்தம். நேர்கோட்டில், புது ரயரோடு அளந்த பெறுமானம். காய்ந்த தரையில் பிறேக், மழையில் வளைவு, தேங்கின தண்ணீர், எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது ஒன்றுமே அதில் கிடையாது. பாதி தேய்ந்த பிறகு எப்படி இருக்கும் என்பதும் கிடையாது. தேய்ந்த நிலையிலும் ஈரப்பிடிப்பைச் சோதிக்க வேண்டும் என்ற விதி புதிதாக அனுமதி பெறுகிற ரயர் வகைகளுக்கு 2024 யூலையில்தான் வந்தது. விலை மலிந்த ரயர்களில் சில, லேபிளில் தெரிகிற எழுத்தை மட்டும் உயர்த்தி, லேபிளில் தெரியாததை விட்டுவிடுகின்றன. நல்ல கொம்பனிகள் சிலிக்கா கலவையில் பல வருடம் மினக்கெட்டது இந்த எல்லாவற்றையும் ஒன்றாகச் சமாளிக்கத்தான். பிடிப்பைக் கூட்டினால் தேய்மானம் கூடும், தேய்மானத்தைக் குறைத்தால் ஈரத்தில் வழுக்கும். அந்தச் சமநிலையைச் சுதந்திரமான சோதனைதான் காட்டும், ஒரு எழுத்துக் காட்டாது.

சுவரில் தொங்கிய அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முத்திரையில் எந்த இதழ், எந்த ஆண்டு, எந்த அளவு என்று ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. சோதனை முடிவை விளம்பரத்தில் பயன்படுத்தினால் அது எங்கே வெளிவந்தது என்று வாசிக்கக்கூடிய எழுத்தில் குறிப்பிட வேண்டும் என்று ஜேர்மன் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மூலம் எழுதாத நட்சத்திரத்தைக் கண்டால் அதைக் கடைக்காரர் தானே வரைந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் போய்க் கேட்டபோது பெடியன் இல்லை, முதலாளி வந்தார். பூட்டி ஓடின ரயரைத் திருப்பி எடுக்க முடியாது என்றார். ரயருக்கு வயது ஒரு பிரச்சினையே இல்லை என்றார். பில்லைக் காட்டச் சொன்னார். பில்லில் ‘சமர் ரயர் 205/55 ஆர்16, நான்கு’ என்று மட்டும் இருந்தது; பெயர் இல்லை, லேபிள் வகுப்பு இல்லை. எந்த லேபிளைக் காட்டினோம் என்று எப்படி நிரூபிப்பீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. பில்லை அப்படி எழுதினது கவனக்குறைவால் என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை.

நுகர்வோர் ஆலோசனை நிலையமான ஃபெர்பிறவுகர்சென்ட்றாலேயில் ஆலோசனை கேட்டேன். சிறிய கட்டணம்தான், அந்தக் காசு வீணாகவில்லை. கடையில் நேரே வாங்கினால் 14 நாள் திருப்பிக்கொடுக்கிற உரிமை இல்லை என்பது உண்மை, அது இணையத்தில் வாங்கினதற்குத்தான். ஆனால் குறையுள்ள பொருளுக்கு விற்றவர் இரண்டு வருடம் பொறுப்பு. 2022 ஜனவரியில் இருந்து, முதல் ஒரு வருடத்துக்குள் தெரியவருகிற குறை பொருள் கைமாறும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுகிற பாரம் கடைக்காரருக்கு. முதலில் குறையைத் திருத்தித் தரச் சொல்லி, இரண்டு கிழமை தவணை கொடுத்து, பதிவுத் தபாலில் கடிதம் போட வேண்டும். டி.ஓ.டி. இலக்கப் படம், லேபிள் படம், எப்ரல் பக்கம் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினேன். கார் கராஜ்களுக்கென்று ஒரு சமரச நிலையம் இருக்கிறது, வாடிக்கையாளருக்கு இலவசம். ஆனால் கராஜ் தொழில் சங்கத்தில் அங்கத்தவராக உள்ள கடைகளுக்குத்தான் அது. இந்தக் கடை அங்கத்தவர் இல்லை. கடை வாசலில் அந்தச் சங்கத்தின் பலகை இருக்கிறதா என்று இனி நான் முதலில் பார்ப்பேன்.

கடைசியில், வயது போன இரண்டு ரயரின் காசை மட்டும் திருப்பித் தந்தார்கள். பூட்டுக்கூலி வரவில்லை. லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மற்ற இரண்டையும் நான் கழற்றிவிட்டேன். இன்னொரு கடையில் முதலில் கேட்ட ரயரையே நான்கும் வாங்கிப் பூட்டினேன். பிள்ளைகளை ஏற்றுகிற காரில் ‘பரவாயில்லை’ என்று விட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடையில் ரயர்களைப் பூட்டுவதற்கு முன்னரே வெளியே உருட்டி வந்து இலக்கத்தைக் காட்டினார்கள். போல்ட்டை முறுக்குவிசை அளக்கிற கருவியால், என்னுடைய காருக்கு உரிய 120 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினார்கள். 50 கிலோமீற்றர் ஓடினதும் வந்து திரும்ப இறுக்கிக்கொண்டு போங்கள் என்றும் சொன்னார்கள். முதல் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அடித்து அனுப்பினதோடு சரி.

இந்த வருடம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். காசு கட்டுகிறதற்கு முதல் ரயரின் முழுப் பெயர், அளவு, பார வேகச் சுட்டெண், செய்த வருடம் நான்கையும் பில்லிலோ ஓடரிலோ எழுத வையுங்கள். எழுத மாட்டோம் என்றால் அங்கே வாங்காதீர்கள். லேபிளின் கியூஆர் கோடைக் கடையில் நின்றபடியே கைபேசியில் திறந்து, திரையில் வருகிற அளவு உங்களுடைய காரின் அளவுதானா என்று பாருங்கள். டி.ஓ.டி. இலக்கத்தைக் கார் லிஃப்டில் ஏறுவதற்கு முன்னர் பாருங்கள். பூட்டினால் அது உட்பக்கம் போய்விடலாம். தமிழில் கதைக்கிறார்கள் என்பதற்காக இதில் ஒன்றையும் விட வேண்டாம்.

போன வருடம் ரூர் பகுதியில் மலிவு விலைக்கு நான்கு ரயர் பூட்டினவர்கள், விண்டர் ரயரை மாற்றும்போது களஞ்சியத்தில் இருந்து வருகிற சமர் ரயரின் இலக்கத்தை இந்த முறை ஒருக்கால் பாருங்கள். பழைய இலக்கம் கண்டால், வாங்கின திகதியில் இருந்து ஒரு வருடம் முடிவதற்குள் கடிதம் போடுங்கள். நான் ஜேர்மன் மொழியில் எழுதின கடிதம் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன், பெயரையும் இலக்கங்களையும் மாற்றினால் போதும்.